ஏர் ஃபில்டர், சைலன்சர், இன்ஜின் கூலிங்: பைக்கில் கை வைப்பதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

ஃபில்டர், சைலன்சர், கூலிங் மூன்றும் தனித்தனி வேலைகள்தானே? ஏன் ஒன்றாகப் பேச வேண்டும்?

200 சிசி ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 8000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிடத்துக்கு 4000 முறை காற்றை இழுக்கிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 லிட்டர். அத்தனை காற்றும் ஃபில்டர் வழியாக உள்ளே போய், எரிந்து, சூடாகி, சைலன்சர் வழியாக வெளியே வந்தாக வேண்டும். ஒரு பக்கம் வழியை அகலமாக்கினால் உள்ளே போகும் காற்றின் அளவு மாறும். காற்று மாறினால் பெட்ரோலும் மாற வேண்டும்.

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. முழு ஆக்சிலேட்டரில் நல்ல பவர் கிடைப்பது அதைவிடச் சற்றுப் பெட்ரோல் கூடிய கலவையில், அதாவது 1 கிலோ பெட்ரோலுக்கு 12.5 முதல் 13 கிலோ வரை காற்று. ஃபில்டரையும் சைலன்சரையும் திறந்துவிட்டு பெட்ரோலை அப்படியே விட்டால் கலவை 14-ஐ நோக்கி நகரும். மெக்கானிக்குகள் இதைத்தான் லீன் என்கிறார்கள். எரியும் சூடு ஏறும், நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் சத்தம்) வரும், வால்வும் பிஸ்டனும் அடி வாங்கும். பெட்ரோலின் ஆற்றலில் சக்கரத்துக்குப் போவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி புகையோடும், சிலிண்டர், ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), ஆயில் வழியாகவும் சூடாகவே வெளியேறுகிறது. அதனால் கலவையில் செய்யும் தவறு கூலிங்கில்தான் முதலில் தெரியும். “சைலன்சர் மாற்றிய பிறகு வண்டி சூடாகுது” என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஆயில் கூலர் அல்ல, சரியான ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) அல்லது சரியான ஈசியூ மேப் (இன்ஜினை இயக்கும் கணினியில் பதிந்த பெட்ரோல் அட்டவணை).

எவ்வளவு பவர் கூடும்?

சத்தம் கூடும் அளவுக்குக் கூடாது. சுத்தமாக இருக்கும் கம்பெனி ஃபில்டரை எடுத்துவிட்டு விலை உயர்ந்த ஃபில்டர் போட்டால் மட்டும், ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரிவது அரிது. பின்பக்க சைலன்சரை மட்டும் மாற்றினால் கிடைக்கும் உண்மையான லாபம் பெரும்பாலும் எடைதான். கம்பெனி சைலன்சர் கனமானது, இரண்டு மூன்று கிலோ குறைந்தாலே வண்டியைத் திருப்பும்போது தெரியும். முழு எக்ஸாஸ்ட், ஃபில்டர், மேப் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி அமைந்தால்தான் உயர் ஆர்பிஎம்மில் இழுவை கூடும். கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), கம்ப்ரெஷன் (கலவையை அழுத்தும் அளவு), போர் (சிலிண்டர் விட்டம்) மாற்றிய இன்ஜினுக்கு இந்த மாற்றங்கள் கட்டாயம். கம்பெனி நிலையில் இருக்கும் இன்ஜினுக்கு அவை சின்ன மெருகு.

காதை நம்ப வேண்டாம். சத்தம் கூடினாலே வேகம் கூடியது போலத்தான் தோன்றும். டைனோ (பவரை அளக்கும் கருவி) கிடைக்காவிட்டால் ஒரே பாதை, ஒரே கியர், ஒரே ஆள், ஒரே திசை என்று வைத்து 40-இலிருந்து 80 கி.மீ. வேகம் எட்ட ஆகும் நேரத்தை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பாருங்கள்.

தொடங்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி), பிளக், கம்ப்ரெஷன், ஆயில் அளவு. இவற்றோடு, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய். அந்த ரப்பரில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். எத்தனை ஜெட் மாற்றினாலும் ஐடிலிங் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடுவது) சீராக இருக்காது. சோதிப்பது எளிது: இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது ரப்பரைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய ஸ்பிரேயாக அடியுங்கள். ஆர்பிஎம் ஏறியோ இறங்கியோ மாறினால் அந்த இடத்தில் கசிவு. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயால் சோதிக்கும் பழக்கம் உண்டு. அது சூடான பெண்ட் பைப்பில் (ஹெட்டிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீரே போதும்.

ஏர் பாக்ஸை எடுத்துவிட்டு கோன் ஃபில்டர் போடலாமா?

பெரும்பாலான வண்டிகளுக்கு வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஏர் பாக்ஸ் வெறும் டப்பா இல்லை. இன்ஜின் விட்டு விட்டு இழுக்கும் காற்றுக்கு அதுதான் அலையடிக்காத சேமிப்பு. அதன் கொள்ளளவும் உள்ளே போகும் குழாயின் நீளமும், குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் காற்றைத் தள்ளிக்கொடுக்கும்படி கணக்கிடப்பட்டவை. இன்ஜின் உறிஞ்சும் விசையால் ஸ்லைடு (காற்றுவழியைத் திறக்கும் பாகம்) ஏறி இறங்கும் சிவி கார்புரேட்டர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்லைடைத் தூக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்துக்கு அடியில் சீரான காற்றழுத்தம் இல்லாவிட்டால் ஸ்லைடு மேலும் கீழும் ஆடும், நடு ஆக்சிலேட்டரில் வண்டி திக்கும். எந்த ஜெட்டாலும் அந்தத் திக்கலை முழுதாகப் போக்க முடியாது.

அடுத்தது சூடு. இன்ஜினுக்குப் பின்னால் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர், சிலிண்டரைத் தடவி வரும் வெந்த காற்றைத்தான் இழுக்கும். காற்று 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். 15 டிகிரி கூடுதலாகச் சூடான காற்று என்றால் 5 சதவீதம் போய்விட்டது. வேகத்தில் காற்று தானாக உள்ளே திணிக்கப்படும் என்ற நம்பிக்கையும் உண்டு. 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம் அரை சதவீதம்கூட வராது, 200 கி.மீ. வேகத்தில்தான் 2 சதவீதத்தை நெருங்கும். அதுவும் முன்பக்கம் பார்த்த வாய், அடைத்த பாதை இருந்தால்தான்.

மீறிப் போடுவதென்றால் இரண்டை மறக்கக் கூடாது. இன்ஜினின் மூச்சுக்குழாய் ஏர் பாக்ஸில்தான் இணைந்திருக்கும். அதை அப்படியே தொங்கவிட்டால் ஆயில் ஆவி பின் டயரில் படியும், வளைவில் வழுக்கும். சின்ன சேகரிப்பு டப்பாவோ தனி ஃபில்டரோ போட்டு டயரிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். எஃப்ஐ வண்டி (கார்புரேட்டருக்குப் பதில் ஈசியூ பெட்ரோலைத் தெளிக்கவைப்பது) என்றால் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் பல மாடல்களில் ஏர் பாக்ஸிலேயே இருக்கும். அதைத் தொங்கவிட்டால் ஈசியூ தவறான கணக்குப் போடும்.

பேப்பர், காட்டன், ஃபோம்: எது நல்லது?

தூசி அதிகம் என்றால் ஆயில் தடவிய இரண்டடுக்கு ஃபோம். தினசரி ஓட்டத்துக்குக் கம்பெனி பேப்பர். கழுவித் திரும்பப் போட வேண்டும் என்றால் காட்டன். ஏர் பாக்ஸுக்குள் அப்படியே பொருந்தும் காட்டன் ஃபில்டர் பாதுகாப்பான முதல் மாற்றம்.

பேப்பரைக் கழுவக் கூடாது. எண்ணெய்ப்பசை உள்ள பேப்பர் ஃபில்டரைக் காற்றடித்தும் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். காட்டனைக் கழுவும்போது தண்ணீர் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகப் போகட்டும், நிழலில் முழுதாகக் காயட்டும். பிறகு மடிப்புக்கு ஒரு கோடாக ஆயில் விட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள். வெளுப்பாகத் தெரியும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம். சொட்டும் அளவுக்கு ஆயில் விட்டால் அது த்ராட்டில் பாடிக்குள் (எஃப்ஐ வண்டியில் காற்றுவழியைத் திறந்து மூடும் பாகம்) போய்ப் படியும். ஃபோமைப் பெட்ரோலில் கழுவினால் ஒட்டிய இடம் பிரிந்துவரும், தீ ஆபத்தும் உண்டு. வாய்ப்புறத்தில் கிரீஸ் தடவி உட்காரவைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விளிம்பில் இடைவெளி இருந்தால் தூசி நேராகப் பிஸ்டன் ரிங்குக்குப் போகும்.

கார்புரேட்டர் வண்டி. எந்த ஜெட்டை, எந்த வரிசையில் மாற்றுவது?

ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை செய்யும் பாகம் மாறும். மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும். கால் முதல் முக்கால் வரை நீடில் (ஸ்லைடில் தொங்கும் ஊசி). முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். அதனால் ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு துண்டு டேப், பக்கத்து ஸ்விட்ச் பெட்டியில் மூடிய நிலை, கால், அரை, முக்கால் என்று கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். “எங்கோ நடுவில் திக்குது” என்பதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. டேப் அரைக் கோட்டில் நிற்கும்போது திக்கினால் அது நீடில்.

முதலில் மெயின் ஜெட், பிறகு நீடில், கடைசியில் பைலட். மெயின் ஜெட்டை ஒரு நேரத்தில் ஓர் அளவு மட்டும் மாற்றுங்கள், பொதுவாக 2.5 எண் வித்தியாசம். கார்புரேட்டர் கம்பெனிகளான மிக்குனியின் எண்ணும் கெய்ஹினின் எண்ணும் ஒன்றல்ல, உங்கள் கார்புரேட்டருக்கு உரியதையே வாங்குங்கள். பொதுப் போக்குவரத்து இல்லாத தடத்தில் முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போது கைப்பிடியைத் துளி குறையுங்கள். அந்தக் கணம் வண்டி முன்பைவிட இழுத்தால் லீன், பெரிய ஜெட் வேண்டும். அதிரும் குரலில் கனமாக, தயங்கித் தயங்கி ஓடினால் ரிச் (பெட்ரோல் கூடிய கலவை), சின்ன ஜெட் வேண்டும்.

நீடிலில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும். பைலட் ஸ்க்ரூவில்தான் அதிகக் குழப்பம். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் ரிச். இன்ஜின் சூடான பிறகு ஐடிலிங் மிக உயரும் இடத்தில் ஸ்க்ரூவை நிறுத்தி, ஐடிலிங்கைக் கம்பெனி அளவுக்கு இறக்குங்கள். இன்ஜின் பக்க ஸ்க்ரூவை மூன்று சுற்றுக்கு மேல் திறக்க வேண்டியிருந்தால் பைலட் ஜெட் சிறியது. ஒரு சுற்றுக்குள்ளேயே சரியாகிவிட்டால் பெரியது.

பிளக் நிறத்தை எப்படிப் பார்ப்பது?

பழைய பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்த்து முடிவு சொல்வது ஏமாற்றும். ஐடிலிங்கில் நின்ற கரியும் அதில்தான் இருக்கும். புது பிளக் போட்டு, சூடான இன்ஜினை முழு ஆக்சிலேட்டரில் சில விநாடி ஓட்டி, கிளட்சைப் பிடித்த கணத்திலேயே கில் ஸ்விட்சை அணைத்து உருட்டி நிறுத்துங்கள். இதைப் பொதுச்சாலையில் செய்யக் கூடாது. கழற்றி, வெள்ளைப் பீங்கான் இரும்போடு சேரும் அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த ஆழத்தில் இருக்கும் வளையம்தான் மெயின் ஜெட்டின் கதையைச் சொல்லும். ஈயமில்லாத பெட்ரோலில் நிறம் மங்கலாகத்தான் பிடிக்கும். வெளிர் பழுப்பு நல்லது, உலர்ந்த கறுப்புக் கரி ரிச், எண்ணெய்ப்பசையோடு ஈரமான கறுப்பு என்றால் ஆயில் எரிகிறது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்து, மேலே பளபளக்கும் நுண்ணிய அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். அது பிஸ்டனிலிருந்து வந்தது.

எஃப்ஐ வண்டிக்கு ஈசியூ தானாகவே சரிசெய்துகொள்ளாதா?

பாதி சரி. மெதுவாக, ஒரே சீராக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ கலவையை 14.7 அருகே வைத்திருக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கியவுடன் சென்சாரை ஒதுக்கிவிட்டு, முன்பே பதிந்த அட்டவணையை மட்டும் பார்க்கும். அந்த அட்டவணைக்கு உங்கள் புது சைலன்சர் தெரியாது. கம்பெனி சென்சார் குறுகிய எல்லையில் மட்டும் அளப்பது, கலவை 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும், 13-ஆ 12-ஆ என்று சொல்லாது.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) பெண்ட் பைப்பிலேயே அமைந்திருந்து, பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் மேப் தேவைப்படாது. முழு எக்ஸாஸ்ட், அதோடு ஃபில்டரும் என்றால் மேப் மாற்றியே ஆக வேண்டும், கலவையின் சரியான எண்ணையே காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்து. முழு ஆக்சிலேட்டரில் லாம்டா (கலவை எண்ணை 14.7-ஆல் வகுத்தது) 0.87 முதல் 0.90 வரை நல்ல இலக்கு. வெப்ப சென்சாரை ஏமாற்றி “பவர் கூட்டும்” சின்னப் பெட்டிகளை வாங்காதீர்கள். அவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெட்ரோலைக் கூட்டும், சீரான ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் அதைத் திரும்பக் குறைத்துவிடும்.

பெரிய பைப் போட்டால் புகை வேகமாகப் போகும்தானே? “பேக் பிரஷர்” வேண்டும் என்கிறார்களே?

இன்ஜினுக்கு எதிரழுத்தம் ஒருபோதும் தேவையில்லை, புகையின் வேகம்தான் தேவை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது கிளம்பும் அழுத்த அலை, பைப் அகலமாகும் இடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால், பழைய புகையை இழுத்துப் புதுக் கலவையை உள்ளே வரவைக்கும். எந்த ஆர்பிஎம்மில் அது சரியாக வந்து சேரும் என்பதைப் பைப்பின் நீளமும் விட்டமும்தான் தீர்மானிக்கின்றன. விட்டத்தைக் கூட்டினால் புகையின் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம் இழுவை போகும். அதைத்தான் “பேக் பிரஷர் போச்சு” என்று சொல்லிவிடுகிறார்கள்.

எக்ஸாஸ்ட் பொருத்தும்போது எங்கே தவறு நடக்கிறது?

கழற்றும்போதே. துருப்பிடித்த ஸ்டட்டை (பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் மரையுள்ள கம்பி) ஒரே மூச்சில் திருகினால் ஹெட்டுக்குள் முறிந்துவிடும், அதை எடுப்பது பெரிய வேலை. முந்தைய நாளே ஊடுருவும் ஆயிலை விட்டு, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள். ஹெட்டில் புகை வெளிவரும் வாயான போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய காஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) உள்ளேயே ஒட்டியிருக்கும், அதன்மேல் புதியதைப் போட்டால் கசியும். ஒவ்வொரு முறையும் புது காஸ்கெட்.

எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் திருகி, சைலன்சரைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். ஹெட் நட்டுகளை மாறி மாறிச் சமமாக இறுக்கி, பிறகு கிளாம்ப், கடைசியில்தான் பிராக்கெட். இறுக்க வேண்டிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பிராக்கெட்டை முதலில் இறுக்கிப் பைப்பை இழுத்து உட்காரவைத்தால், சில மாதத்தில் வெல்டிங் விரியும். ஸ்டார்ட் செய்யும் முன் பைப்பை ஆல்கஹாலால் துடையுங்கள், கைரேகை சூட்டில் பதிந்தால் போகாது. ஆக்சிஜன் சென்சார் இருக்கும் பைப்பில் சிலிகான் பசை வேண்டாம், அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும். ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி பாருங்கள்.

ஆக்சிலேட்டரை விட்டால் பட்பட் என்று வெடிக்கிறது. ஆபத்தா?

எரியாமல் வந்த பெட்ரோல் சூடான பைப்பில் காற்றோடு சேர்ந்து எரிவதுதான் அது. முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் காஸ்கெட்டிலும் இணைப்புகளிலும் கசிவைப் பாருங்கள்: குளிர்ந்த இன்ஜினில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும். அடுத்தது பைலட் லீன். புகையைச் சுத்தமாக்க எக்ஸாஸ்டுக்குள் காற்று விடும் அமைப்பு உள்ள வண்டிகளில் கொஞ்சம் வெடிப்பு இயல்பு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து லீன் என்று சொல்லும், ஈசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். வண்டி ரிச்சாக ஓடுவதற்கு ஒரு சின்ன ஓட்டை காரணமாக இருக்கலாம்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் உள்ளே இருக்கும் சத்தத் தடுப்பையும் எடுத்துவிடலாமா?

பெரும்பாலான நாடுகளில் பொதுச்சாலையில் சட்டவிரோதம். அக்கம்பக்கத்தாரின் தூக்கமும் அவர்கள் மூச்சும் இதில் இருக்கின்றன. எடுக்காதீர்கள்.

பெண்ட் பைப்பில் ஹீட் ரேப் சுற்றலாமா?

காலுக்கு அருகே சூடு குறையும், புகை சூடாகவே வேகமாகப் போகும். ஆனால் துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும், சாதாரண இரும்புப் பைப் உள்ளுக்குள் துருப்பிடித்து ஓட்டையாகும். ஸ்டெயின்லெஸ் பைப் என்றால் மட்டும் சுற்றுங்கள்.

ஏர் கூல்டு வண்டிக்கு ஆயில் கூலர் வைக்கலாமா?

முதலில் அளந்து பாருங்கள். டிப்ஸ்டிக் இடத்தில் போடும் தெர்மாமீட்டர் போதும். ஆயில் 90 முதல் 120 டிகிரி வரை நின்றால் கூலர் தேவையில்லை. நீண்ட ஏற்றத்திலும் நெரிசலிலும் 130-ஐத் தாண்டி நின்றால் தேவை உண்டு. குளிரில் தெர்மோஸ்டாட் (சூடு ஏறும்வரை கூலருக்குப் போகும் வழியை அடைக்கும் வால்வு) இல்லாத கூலர் கெடுதலே செய்யும். ஆயில் போதிய சூடு ஏறாவிட்டால் அதில் கலந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாது, டிப்ஸ்டிக்கில் வெளிறிய பசை தெரியும்.

கூலர் வாங்கும் முன், இன்ஜினைச் சுற்றியுள்ள ஃபின்களுக்கு (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) நடுவே அடைந்த சேற்றைப் பிரஷ் வைத்து எடுங்கள். ஹெட்டுக்கு முன்னால் காற்றை மறைக்கும் விளக்கு, கார்டு எல்லாவற்றையும் நகர்த்துங்கள். மேனுவல் சொல்லும் தடிமனில் ஆயில் ஊற்றுங்கள். வெட் கிளட்ச் (இன்ஜின் ஆயிலில் நனைந்தே ஓடும் கிளட்ச்) என்றால் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை அவசியம், கார் ஆயில் கிளட்சை நழுவவைக்கும்.

பொருத்தும்போது பான்ஜோ போல்ட்டுக்கு (ஹோஸை இணைக்கும் துளையுள்ள போல்ட்) இரண்டு பக்கமும் புது வாஷர். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள், உரசும் ஹோஸ் ஒருநாள் ஆயிலைப் பின் டயரில் கொட்டும். கூலரும் ஹோஸும் 100 முதல் 200 மி.லி. வரை ஆயிலைக் குடிக்கும். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவு பார்த்து நிரப்புங்கள்.

லிக்விட் கூல்டு வண்டி சூடாகிறது. பெரிய ரேடியேட்டர் வேண்டுமா?

எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை. நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடினால் இறங்கினால் ஃபேன், ரிலே அல்லது சென்சார் பக்கம் பாருங்கள். புது ஃபேன் போட்ட பிறகு தொடங்கியது என்றால் வயர் மாற்றிக் கொடுத்து அது எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். வேகத்தில் ஓடும்போது சூடேறினால் அடைபட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப். பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதிலிருந்து கூலன்ட் சொட்டினால் சீல் போய்விட்டது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வல்ல. இன்ஜின் குளிர்ந்தே ஓடும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும், தேய்மானம் கூடும்.

கூலன்ட் எவ்வளவு, எப்படி ஊற்றுவது?

எத்திலீன் கிளைக்காலும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. இந்தக் கலவை திறந்த நிலையில் 107 டிகிரி அருகே கொதிக்கும். 1.1 பார் மூடி போட்டால் 130 டிகிரி வரை தாங்கும். ரப்பர் தளர்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, அதற்கு முன்பே கொதித்து ரிசர்வ் டப்பாவில் பொங்கும். ரேடியேட்டர் மாற்றுவதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு அலுமினியத்தில் படியும். இரண்டு வகை கூலன்ட்டைக் கலந்தால் கூழாகக் கெட்டியாகலாம்.

ஆறிய இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து விட்டால் குமிழிகள் வரும், மட்டம் இறங்கும். வண்டியை இடமும் வலமும் சாய்த்து மறுபடி நிரப்புங்கள். காற்று வெளியேற்றும் போல்ட் இருந்தால் குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும்வரை தளர்த்தி வைத்து மூடுங்கள். மூடி இல்லாமல் சில நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு, மட்டம் பார்த்து மூடுங்கள். எவ்வளவு நேரமானாலும் குமிழி நிற்காமல் வந்தால் உள்ளே சிக்கிய காற்று அல்ல, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ஹெட் காஸ்கெட் வழியாகப் புகை கூலன்ட்டுக்குள் வருகிறது.

சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாமா?

கூடாது. வெந்த அலுமினியம் திடீரென்று ஒரு பக்கம் சுருங்கினால் கோணும், வெடிக்கும். நிழலில் நிறுத்தி அணைத்து விடுங்கள். கழுவுவதும் ஆறிய பிறகுதான். ரேடியேட்டரைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாக, அழுத்தம் குறைந்த தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் பட்டால் மெல்லிய ஃபின்கள் மடங்கும், மடங்கிய இடத்தில் காற்று போகாது.